பிபி சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

"பிபி நார்மலுக்கு வந்துவிட்டது. இனி எதற்கு மாத்திரை?" உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் பலரும் கேட்கும் கேள்வி இது. கேட்காமலே நிறுத்திவிடுபவர்களும் நிறைய. கேள்வியில் நியாயம் இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறோம். புண் ஆறியதும் களிம்பை எடுத்து வைத்துவிடுகிறோம். 160/100 என்று இருந்த அளவு 128/80 ஆகிவிட்டால் நோய் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த 128, மாத்திரையோடு சேர்ந்த 128. நம் நாட்டில் அதிகம் எழுதித் தரப்படும் அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம். உடலில் சேர்ந்த மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இன்று நிறுத்தினால் நாளைக்கே அழுத்தம் ஏறிவிடாது. மூன்றாம் நாள் அளந்தாலும் 130ஐ ஒட்டியே காட்டலாம். 'பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே சரியாகத்தானே இருக்கிறது' என்று நிம்மதி வந்துவிடும். மருந்து முழுவதும் வெளியேறியபின், அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் அளவு மெல்லப் பழைய இடத்துக்கு ஏறும். அதற்குள் அளப்பதையே விட்டிருப்பார்கள்.

ஏறியது உடம்புக்குத் தெரியாதா? தெரியாது. இந்த நோயைக் கட்டுப்படுத்துவதில் வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்து கிளம்புகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது நாம் மயங்கி விழாமல் காப்பவை அவையே. ஆனால் அவை மாற்றத்தை மட்டுமே கவனிப்பவை. அழுத்தம் 160லேயே பல நாட்கள் நின்றுவிட்டால், அதையே இயல்பு என்று வைத்துக்கொண்டு அந்த அளவைக் காக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் 170 அளவோடு ஒருவர் வயலில் வேலை செய்கிறார், பஸ் ஓட்டுகிறார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறார். ஒரு தொந்தரவும் தெரிவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்து தொடங்கி அளவு 130க்கு இறங்கும்போது, 160க்குப் பழகிய உடம்பு சில நாட்கள் சோர்வும் லேசான கிறுகிறுப்பும் காட்டும். "மாத்திரை ஒத்துக்கவில்லை, போடாதபோதுதான் நன்றாக இருந்தேன்" என்று நிறுத்துபவர்களில் பலர் இந்த முதல் இரண்டு வாரங்களில்தான் நிறுத்துகிறார்கள். எழும்போது கண் இருட்டுவது, விழப்போவது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். வெறும் சோர்வு என்றால் பெரும்பாலும் தானாகவே விலகும்.

தலைவலி, படபடப்பு, கோபம் ஆகியவற்றை வைத்து பிபியை ஊகிப்பதும் இதே தவறுதான். தலை வலிக்கிறது என்று அளந்தால் 150 காட்டும். வலியே அளவை ஏற்றியிருக்கக்கூடும். கோபக்காரருக்குத்தான் பிரஷர் வரும் என்ற நம்பிக்கையால், சாந்தமானவர்கள் அளந்து பார்ப்பதே இல்லை. கோபம் சில நிமிடங்களுக்கு அளவை உயர்த்தும். அது உயர் ரத்த அழுத்த நோய் ஆகாது.

எது அதிகம், யாருக்கு அதிகம்

மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண், இரண்டு துடிப்புகளுக்கு இடையே இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். இரண்டும் பாதரச மில்லிமீட்டரில் சொல்லப்படுகின்றன. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம் என்பது உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசுத் திட்டங்களும் பின்பற்றும் வரையறை. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017இல் அந்தக் கோட்டை 130/80க்கு இறக்கின. இரண்டில் ஒன்று தவறு என்பதில்லை. ஆபத்து ஒரு கோட்டில் திடீரென்று தொடங்குவதில்லை. சுமார் பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்து 2002இல் வெளியான ஆய்வு, 40 முதல் 69 வயதுக்காரர்களில் 115/75லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குவதைக் காட்டியது. அங்கிருந்து மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 கூடும் ஒவ்வொரு படிக்கும், பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

"வயதோடு 100ஐக் கூட்டினால் வருவதுதான் உங்கள் நார்மல்" என்ற கணக்கு இன்னும் ஊர் முழுக்க உலவுகிறது. அதன்படி 65 வயதுக்காரருக்கு 165 சரி. வயதானால் தமனிகள் விறைப்பதால் மேல் எண் ஏறுவது உண்மை. ஏறுவது வழக்கம் என்பதால் அது தீங்கற்றதாகிவிடாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள்: குறுகிய குழாய்களில் ரத்தத்தைத் தள்ள அதிக அழுத்தம் தேவைதான், இறக்கினால் கெடுதல் என்று. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் அவருடைய ஆட்சிக் காலம் முழுக்க ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து, அளவு 300/190 காட்டிய நிலையில், 63 வயதில் இறந்தார். அன்று கையில் சரியான மருந்தும் இல்லை. இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு 2015இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வு ஒரு விடை தந்தது. 50 வயதைத் தாண்டிய, நீரிழிவு இல்லாத 9,361 பேரில் பாதிப் பேருக்கு மேல் எண்ணை 120க்குக் கீழும் மீதிப் பேருக்கு 140க்குக் கீழும் இறக்க முயன்றார்கள். முதல் குழுவில் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். அதே குழுவில் மயக்கமும், சிறுநீரகச் செயல்பாடு திடீரென்று குறைவதும் சற்றுக் கூடுதலாக இருந்தன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே நோயாளியை அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் பல முறை அளந்து சராசரி எடுத்தார்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் ஓடிவந்து உட்கார்ந்ததும் எடுக்கும் 130ம், அந்த ஆய்வின் 120ம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆகவே தாங்க முடிந்தவர்களுக்கு 130/80க்குக் கீழ், தளர்ந்த முதியவர்களுக்குக் கொஞ்சம் விட்டுப்பிடித்து என்பதே நடைமுறையில் நல்ல இலக்கு.

அளப்பதில் நடக்கும் தவறுகள்

பிபி மெஷின் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அளக்கும் விதம் சரியாக இருப்பது அரிது. தப்பாக அளந்த எண்ணை வைத்து மருந்து கூட்டப்படுகிறது, குறைக்கப்படுகிறது. இதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்வது எந்தக் கஷாயத்தையும்விடப் பலன் தரும்.

முதலில் பட்டை. புஜத்தின் நடுப்பகுதியைத் தையல்காரர் நாடாவால் அளந்து பாருங்கள். கருவியோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்குத்தான் பொருந்தும். 35 செ.மீ. புஜத்தில் அதைச் சுற்றினால் உள்ளே இருக்கும் காற்றுப்பை கையை முழுதாகச் சூழாது. தமனியை நசுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும். மேல் எண் 10 அல்லது அதற்கும் மேலாகக் கூட்டிக் காட்டும். பருமனானவர்களுக்குப் பெரிய பட்டையைத் தனியாக வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவிகள் கை இருக்கும் உயரத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால் புஜத்தில் கட்டுவதே நல்லது.

அடுத்து, உட்காரும் விதம். டீ, காபி, புகையிலை, நடைப்பயிற்சி எல்லாம் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். கால் மேல் கால் போட்டால் சில புள்ளிகள் ஏறும். பட்டை நேராகத் தோலில் பட வேண்டும். ரவிக்கைக் கையையோ சட்டையையோ இறுக்கமாக மேலே சுருட்டினால் அதுவே ஒரு கட்டாகி அளவைக் கெடுக்கும். பேசக் கூடாது. அளக்கும்போது பேரன் கேட்டதற்குப் பதில் சொன்னால்கூட அளவு ஏறும்.

அதிகம் கவனிக்கப்படாதது கையின் உயரம். பட்டை கட்டிய இடம் இதய மட்டத்தில், அதாவது மார்பின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை அதற்குக் கீழே 13 செ.மீ. இறங்கினால் 10 புள்ளி கூடிக் காட்டும். இது வெறும் நீர்மட்டக் கணக்கு. மடியில் கையை வைத்து அளப்பவர்கள், தொங்கவிட்டு அளப்பவர்கள் எல்லாரும் இல்லாத நோயைப் பார்க்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கையைக் கிடத்தினால் பெரும்பாலும் உயரம் சரியாக வரும்.

முதல் முறை இரண்டு கையிலும் அளந்து, எதில் அதிகமோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். வித்தியாசம் திரும்பத் திரும்ப 15க்கு மேல் இருந்தால், குறைந்து காட்டும் பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் தானியங்கிக் கருவி தடுமாறும். அவர்கள் மூன்று முறை அளக்க வேண்டும்.

தினமும் பத்து முறை அளப்பதில் பயன் இல்லை. அளவு மூச்சுக்கு மூச்சு மாறும். 124, 138, 131 என்று வந்தால் மூன்றும் உண்மை. மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவு படுப்பதற்கு முன்பும் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியை எடுத்தால் போதும். வீட்டுச் சராசரிக்கான கோடு 135/85. மருத்துவமனையில் 150, வீட்டில் 125 என்று இருப்பவர்களும் உண்டு. மருத்துவரின் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் ஏறுவது அது. அங்கே 128, வீட்டில் 145 என்று மறைந்திருப்பது அதைவிட மோசம், ஏனென்றால் யாரும் மருந்து தர மாட்டார்கள். குழப்பம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டியிருந்து தானே அளக்கும் கருவி இருக்கிறது. தூக்கத்திலும் அழுத்தம் இறங்காதவர்களை அதுதான் காட்டிக்கொடுக்கும். அவர்களில் பலத்த குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்கள் இருப்பார்கள். அதற்குச் சிகிச்சை தராமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண்.

உப்புக் கணக்கு

அழுத்தத்தை நீண்டகாலம் நிர்ணயிப்பது சிறுநீரகம். உப்பு அதிகமானால் அதோடு நீரும் தங்கும். குழாய்களில் ஓடும் ரத்தத்தின் கொள்ளளவு கூடும். அந்த உப்பைச் சிறுநீரில் தள்ள உடம்பு அழுத்தத்தை உயர்த்தியே ஆக வேண்டியிருக்கும். உப்பைக் குறைப்பது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே உயர் அழுத்தம் இருப்பவர்கள் ஒரு நாளில் 4 கிராம் அளவுக்கு உப்பைக் குறைத்தால் மேல் எண் சராசரியாக 5 புள்ளி இறங்கும். பாதி மாத்திரைக்கு ஈடு என்று சொல்லலாம்.

"நாங்கள் உப்புக் கம்மியாகத்தான் போடுகிறோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நான்கு பேருக்கு 30 நாளைக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் வீட்டுச் சமையலிலேயே போகிறது. கழுவ, ஊறவைக்க எடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். கடை ஊறுகாய், அப்பளம், மிக்சர், ஓட்டல் சாப்பாடு இதில் சேரவில்லை.

தமிழ்ச் சமையலில் உப்பு ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் சிரமம். இட்லி மாவில் உப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி சாம்பார் இரண்டிலும் உப்பு, பொடியிலும் உப்பு. மதியம் குழம்பு, ரசம், பொரியல், மோர் நான்கிலும் தனித்தனியாக. ஒவ்வொன்றும் நாக்குக்கு அளவாகவே தெரியும். குறைக்க நல்ல இடம், ஒன்றை ஒன்று தொட்டுச் சாப்பிடும் ஜோடிகள்: சட்னியில் உப்பு இருந்தால் மாவில் பாதி போதும், குழம்பு சாதத்தோடு வரும் பொரியலுக்கு மிகக் கொஞ்சம் போதும். மோரில் உப்பை விட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீடே எதிர்க்கும். வாரத்துக்கு ஒரு சிட்டிகையாக இறக்கினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்; பிறகு பழைய அளவுதான் கரிக்கும்.

ஊறுகாய், கருவாடு, வடகம், மோர் மிளகாய் ஆகியவற்றைக் காப்பது உப்புதான் என்பதால், குறைந்த உப்பில் அவை நிற்காது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீரை மாற்றினால் மேல் உப்பு போகும். உள்ளே ஏறியது இருக்கும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம். ஆப்பச் சோடாவும், வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் பொடிகளும் அப்படியே. பாக்கெட் உணவின் லேபிளில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஒரு கிராம் உப்புக்குச் சமம். 1,000 என்று போட்டிருந்தால் அன்றைய உப்பில் பாதி அந்தப் பாக்கெட்டிலேயே முடிந்தது.

இந்துப்பு, கல் உப்பு, பாறை உப்பு எதுவானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பிபிக்கு நல்லது என்று விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அயோடின் சேர்க்காத உப்பானால் வேறு நட்டம். உண்மையில் வேறுபட்டது, சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனக் கிராமங்கள் 600இல் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. டெல்மிசார்டான், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிபி மருந்துகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. அவற்றை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குக் கீரை, வாழைப்பழம், பயறு, இளநீர் எல்லாம் நல்லதே.

மற்றவை சுருக்கமாக. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகநடை, மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில். மது அழுத்தத்தை நேரடியாக ஏற்றும். புகையிலை, பிபி அளவை அதிகம் மாற்றாமலே அதே குழாய்களை வேறு வழியில் கெடுக்கும்.

தொண்டைக் கட்டுக்கு மெல்லும் அதிமதுரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து, உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். தினமும் வாரக்கணக்கில் எடுத்தால் பிபி ஏறும், மருந்துக்கு அடங்காது. எப்போதாவது ஒரு துண்டு மென்றால் பிரச்சினை இல்லை. மூலிகை என்றால் வலுவில்லாதது என்று எண்ணுவது இரண்டு பக்கமும் தவறு. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தை உண்மையாகவே இறக்குவதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குக் காட்டினார். அதிலிருந்து பிரித்த ரெசர்பின் பல ஆண்டுகள் முக்கிய மருந்தாக இருந்து, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் பின்னுக்குப் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத 'இயற்கை' பொடியை வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

மாத்திரைகள்: எது எதற்கு, எது எங்கே இடிக்கும்

அம்லோடிபின் சிறு தமனிகளின் தசையைத் தளர்த்துகிறது. 5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அளவு 10 ஆகும்போது கூடுதலாக. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நுண்குழாய்களிலிருந்து நீர் திசுவுக்குள் கசிவதால் வருவது அது. நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் அவ்வளவாக வற்றாது. அளவைக் குறைத்து டெல்மிசார்டான் வகை மருந்தைச் சேர்த்தால் பெரும்பாலும் வடியும்.

எனலாபிரில், ராமிபிரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்து, எக்ஸ்ரே எடுத்து அலைபவர்கள் உண்டு; மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். டெல்மிசார்டான், லோசார்டானில் அந்த இருமல் அரிது. இவ்விரு வகைகளையும் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. 30 விழுக்காடு வரை பொறுக்கலாம். கருவுற்ற பெண்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் இவற்றை எடுக்கக் கூடாது, சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவர்களுக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இருக்கின்றன.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. காலையில் போட வேண்டும், இல்லையென்றால் இரவில் எழுந்துகொண்டே இருக்க நேரிடும். முதியவர்களுக்குச் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி, நாள் முழுக்க வெயில் வேலை என்று உடல் வறளும் நாட்களில் இவற்றையும் டெல்மிசார்டான் வகையையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றே தொலைபேசியிலாவது கேளுங்கள்.

ஒரு மாத்திரையில் அடங்காவிட்டால் அதையே இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகையில் ஒன்றைச் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதல் பலன் தருவதாக 42 ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு 2009இல் வெளிவந்தது. எனவே இரண்டு மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காலையா இரவா என்ற விவாதமும் பெரும்பாலும் முடிந்துவிட்டது: பிரிட்டனில் 21,000க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மறக்காத வேளை எதுவோ அதுவே நல்ல வேளை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

மூன்று மருந்து போட்டும் அடங்காதபோது முதலில் பார்க்க வேண்டியது மற்ற மாத்திரைகளை. மூட்டு வலிக்குத் தாங்களாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் அவற்றைச் சேர்த்தால் சிறுநீரகம் சில நாட்களில் படுத்துவிடக்கூடும். சளி மாத்திரையில் உள்ள ஃபினைலெஃப்ரின், ஸ்டீராய்டுகள், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். அவை எதுவும் இல்லையென்றால், அல்லது நோயாளி 30 வயதுக்குள் இருந்தால், சிறுநீரகம், அதன் தமனி, அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

விலையும் தொலைவும் மருந்தை நிறுத்த ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

திடீரென்று 200 காட்டினால்

பதற்றத்தில் உடனே திரும்ப அளக்க வேண்டாம். பத்து நிமிடம் உட்கார்ந்து, பட்டையும் கை உயரமும் பார்த்து மறுபடி அளக்கவும். 180/120க்கு மேலே இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு கை கால் மரத்துப் போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் எது இருந்தாலும் 108ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அறிகுறி எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் மாத்திரையை விட்டதுதான் காரணம். வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்கலாம்.

நிஃபெடிபின் கேப்சூலை ஓட்டை போட்டு நாக்குக்கடியில் விடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். நெடுநாள் 190க்குப் பழகிய மூளைக் குழாய்கள் அந்த அழுத்தத்துக்கு ஏற்பத் தங்களைச் சுருக்கி வைத்திருக்கும். அரை மணி நேரத்தில் 120க்கு இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் குறைந்து, எதைத் தடுக்க நினைத்தோமோ அந்தப் பக்கவாதமே வரும். 1990களிலேயே இது கைவிடப்பட வேண்டிய முறை என்று எச்சரிக்கப்பட்டது.

நிறுத்துவது என்றால் எப்படி

மாத்திரை குறைக்கும் நிலை சிலருக்கு வரத்தான் செய்கிறது. பத்துக் கிலோ எடை குறைத்தவர், மதுவை விட்டவர், அழுத்தத்தை ஏற்றிய வேறு மருந்தை நிறுத்தியவர், வயது ஏறி உடம்பு மெலிந்தவர். முதியவர்களுக்குக் குறைப்பதற்கான காரணம் நின்றபடி அளக்கும்போது தெரியும்: உட்கார்ந்து அளந்தபின் எழுந்து நின்று ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் அளந்து, மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள். இரவில் பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் இதற்குப் பங்கு உண்டு.

மருத்துவர் சம்மதத்தோடு குறைக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். அடெனோலால், மெட்டோபுரோலால், குளோனிடின் ஆகியவற்றை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அழுத்தமும் துடிப்பும் எகிறும், இதய நோயாளிக்கு மாரடைப்பே வரலாம். அவற்றைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அம்லோடிபின் என்றால், முதல் வார அளவுகள் எதையும் நிரூபிக்காது என்பதை மேலே பார்த்தோம். நான்காவது வாரத்தில் முழு வாரச் சராசரி எடுத்து, 135/85ஐத் தாண்டினால் மருந்து திரும்ப வர வேண்டும். தாண்டாவிட்டால் மாதத்துக்கு ஒரு வாரமாவது அளப்பது ஓர் ஆண்டுக்குத் தொடரட்டும். வெயிலில் தோல் நாளங்கள் விரிந்து அழுத்தம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். குளிரில் அவை சுருங்கி ஏறும். சித்திரையில் நிறுத்திய மாத்திரை வேண்டாததுதானா என்பது மார்கழி அளவைப் பார்த்தபிறகே உறுதியாகும்.